கப்பல்துறை வளைவில் கைவிடும் கார்

கப்பல்துறை வளைவில் கார் மறுபடியும் கையை விட்டது.

எஞ்சின் நின்றிருந்தால்கூட இராசநாயகத்துக்கு இவ்வளவு எரிச்சல் வந்திராது. நின்றால் இறங்கித் தள்ளலாம், றோட்டில் போகிற நாலு பேரைக் கூப்பிடலாம். இது நிற்கிற சாதி இல்லை. காலை அமத்த அமத்த எஞ்சின் கத்தும், சில்லு இழுக்காது. கியர்த் தடி போட்ட இடத்திலேயே இருக்கும். முன்பலகையில் மட்டும் நியூட்ரலுக்கான அந்த எழுத்து மினுங்கி மினுங்கி எரியும். ஓட்டுகிறவன் போ என்கிறான், வாகனம் போகமாட்டேன் என்று கண்ணடிக்கிறது. கண்டி வீதியில் சீமெந்து லொறி ஒன்று முதுகை உரசிக்கொண்டு வரும்போது அந்தக் கண்ணடிப்பைப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை விளங்கும்.

லொறிக்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. இராசநாயகம் காரை உருட்டி ஓரத்துக்கு ஒதுக்கினார். லொறி தாண்டும்போது உள்ளே இருந்தவன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இராசநாயகம் தமிழில் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னார். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினார். வெளியே இறங்கிக் காரைச் சுற்றி நடந்தார். ஒரு சில்லை உதைத்தார். திரும்ப ஏறி ஸ்டார்ட் பண்ணினார். கார் ஒன்றுமே நடக்காத மாதிரிக் கிளம்பியது.

அந்த ஒன்றுமே நடக்காத மாதிரிதான் அவருக்கு வெறி கிளப்பியது.

இராசநாயகம் சல்லிக் கடற்கரையில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தகப்பனோடு தோணி ஏறினார். சுனாமி கொண்டுபோன வள்ளத்தைப் பற்றி யாரும் கேட்டால், போனது போனதுதான் என்று கதையை முறித்துவிடுவார். அதற்குப் பிறகு மற்றவனுடைய கரைவலையை இழுத்தார். ஒருநாள் கயிறும் கையுமாகக் குனிந்தவருக்கு நடு முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர மாதக்கணக்கானது. உப்புவெளியில் விடுதி நடத்துகிற ஒருவர் பாவம் பார்த்து வான் ஓட்டப் பழக்கிவிட்டார். அன்றிலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளைக்காரரைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கும் நிலாவெளிக்கும் ஏற்றி இறக்குவதே பிழைப்பு.

ஓரிடத்தில் இருந்து பழகாத மனுசன். கதிரையில் இருந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். தேத்தண்ணியை நின்றபடிதான் குடிப்பார். “உங்களுக்கு அடியில அலையடிக்குது” என்று மனைவி இரத்தினேஸ்வரி, வீட்டுப்பேர் ஈஸ்வரி, சொல்லுவாள்.

சொந்தமாக ஒரு வாகனம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருந்தது. மகள் லக்சாயினி பிறந்தது சண்டைக் காலத்தில். ஈஸ்வரிக்கு வயிற்றுவலி தொடங்கியபோது சல்லியில் ஒரு வாகனமும் கிடைக்கவில்லை. ஐஸ் மீன் ஏற்றுகிற லொறி ஒன்றை மறித்து, மீன்பெட்டிகளுக்கு நடுவில் பாயை விரித்து அவளைப் படுக்க வைத்தார்கள். உப்புவெளிச் சந்திச் சோதனைச் சாவடியில் லொறியை நிற்பாட்டி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஈரச் சாரத்தில் சுற்றிய அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இராசநாயகம் ஒரு வைராக்கியம் எடுத்தார். இவளுக்குப் பிள்ளை பிறக்கிற காலம் வந்தால், இவள் என்னுடைய சொந்த வாகனத்தில், சீற்றில் சாய்ந்துகொண்டு வருவாள்.

இப்போது அந்தக் காலம் வந்துவிட்டது. லக்சாயினியைத் தம்பலகாமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மருமகன் சாரங்கன், வயல்காரக் குடும்பம், அமைதியான பொடியன். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறப்பதுதான் வழக்கம். ஒன்பதாம் மாதம் தொடங்க நல்ல நாள் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருந்தார்கள். இராசநாயகம் போய் அழைத்து வரவேண்டும். இரண்டு கை மாறி வந்த சின்னக் கார்தான், ஆனாலும் சொந்தக் கார். கிளச் இல்லை, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். முதுகு பிடித்த மனுசனுக்கு அதுதான் வசதி என்று எல்லோரும் சொன்னதால் எடுத்தது. இப்போது வெள்ளைக்காரரையும் அதில்தான் ஏற்றுகிறார்.

இந்தக் கார்தான் இப்போது நடுறோட்டில் கண்ணடிக்கிறது.

பாலையூற்றில் கராஜ் வைத்திருக்கிற றுவைஸ் கிண்ணியாக்காரன். ஜப்பான் வாகனங்களின் கியர் வேலையில் பேர் எடுத்தவன். அவனிடம் இராசநாயகம் எத்தனை தரம் போயிருப்பார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

“அண்ணன், வாங்க. இண்டைக்கு என்ன சொல்லுது?”

“அதே கதைதான். கப்பல்துறை இறக்கத்தில கையை விட்டிட்டுது.”

றுவைஸ் கம்பியூட்டரைக் கொழுவிப் பார்ப்பான். ஏதோ ஒரு இலக்கம் வரும். அதை அழிப்பான். காரை எடுத்துக்கொண்டு சீனக்குடா வரைக்கும் போய் வருவான். “ஒண்டுமில்லையே அண்ணன். பட்டு மாதிரி ஓடுது.”

“உன்னோட பட்டு. என்னோட சாக்கு.”

“இந்தக் கார் ஆளைப் பாத்து விளையாடுது.”

“அப்ப நீயே வச்சுக்கொள்ளு.”

“எனக்கேன்? சொல்லுக் கேக்காத ஒண்டு ஏற்கனவே வீட்டுல இரிக்கி.” கராஜின் பின்பக்கம்தான் வீடு. யன்னலுக்குள்ளிருந்து அவன் மனைவி சுஹைரா, “கேட்டுக்கொண்டுதான் இரிக்கன்” என்றாள். றுவைஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு பொனற்றுக்குள் தலையை விட்டான்.

கியர் ஒயில் மாற்றியாயிற்று. பற்றரி மாற்றியாயிற்று. ஒரு சென்சரைக் கழற்றி வேறொன்று போட்டாயிற்று. ஒவ்வொரு தரமும் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். உப்புவெளி, நிலாவெளி, ஓர்ஸ் ஹில் ஏற்றம் எல்லாம் முனகாமல் ஏறி இறங்கும். சரி, தொல்லை விட்டது என்று மூச்சு விடுகிற நேரத்தில் தம்பலகாமத்துக்குப் போய்த் திரும்பும்போது கப்பல்துறையில் கையை விடும். பெரும்பாலும் அந்த வளைவில்தான்.

“அது ஆரோ அடிபட்டுச் செத்த இடமாம்” என்றாள் ஈஸ்வரி. கோணேசர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். கண்ணாடியில் தேசிக்காயும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாள். அடுத்த தரம் வளைவு வர, இராசநாயகத்தின் கண் முன்பலகையை ஒருக்கால் பார்த்தது, தேசிக்காயை ஒருக்கால் பார்த்தது.

தம்பலகாமத்துக்கு அவர் வெறுங்கையோடு போனதே இல்லை. கடற்கரைக்காரன் வயல்காரர் வீட்டுக்குச் சம்பந்தம் செய்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு போகலாமா? போகிற நாளில் விடிய எழும்பிக் கரைவலைக்காரரிடம் நிற்பார். அறுக்குளாவோ விளைமீனோ பாரையோ, நல்லதாகப் பொறுக்கி வாங்கி வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டியில் அடுக்குவார். மேலே ஐஸ். ஐசுக்கு மேலே நிலாவெளி உப்பு இரண்டு கை அள்ளித் தூவுவார். உப்பு விழுந்தால் ஐசின் குளிர் கூடும், மீன் கல்லு மாதிரி நிற்கும். கடலில் படித்த வித்தை. கரையில் இருந்து இவ்வளவு தூரம் உள்ளுக்குப் போயும் மீனின் கண் மங்காமல் இருப்பதைப் பார்த்துச் சம்பந்தி சிவயோகம் ஒவ்வொரு தரமும் வியப்பாள். அவள் புருசனை இழந்து தனியாக நின்று வயல் பார்த்த பொம்பிளை, லேசில் வியக்கிற ஆளில்லை. திரும்பி வரும்போது நெல்லோ தயிர்ச்சட்டியோ காரில் ஏற்றிவிடுவாள்.

காரின் பின்பெட்டிக்குள் ரெஜிபோம் பெட்டி அடங்காது. ஆகவே பின்சீற்றுக்கு முன்னால், இடதுபக்கக் கால் வைக்கிற இடத்தில், பழைய சாக்கு ஒன்றை விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டு போவார்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் போனார். ஞாயிறு அழைக்க வருகிறேன் என்று முறையாகச் சொல்லவேண்டும் அல்லவா. சிவயோகம் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லக்சாயினி வயிற்றைத் தாங்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்து, காருக்குக் கிட்ட வராமல் தூணைப் பிடித்தபடி நின்றாள்.

“அண்ணன், ஒண்டு சொன்னால் கோவிக்கக்கூடாது” என்றாள் சிவயோகம்.

கோவிக்கக்கூடாது என்று தொடங்கினால் கோவிக்கிற கதைதான் வரும் என்று இராசநாயகத்துக்குத் தெரியும். கால் ஆடத் தொடங்கியது. “சொல்லுங்கோ தங்கச்சி.”

“பிள்ளைத்தாச்சியை வச்சுக்கொண்டு அந்தக் காரில போறது எனக்கு மனசுக்குச் சரியாப் படேல்ல. யானை திரியிற றோட்டு. சாரங்கன்ட கூட்டாளியிட்ட நல்ல வான் ஒண்டு நிக்குது. அதில வரட்டுமே. நீங்களும் அதிலயே வாங்கோவன்.”

“கார் செய்தாச்சு தங்கச்சி. இப்ப ஒரு பிழையும் இல்லை.”

விறாந்தைப் படியில் நின்ற சாரங்கன் தலையைச் சொறிந்தான். “போனமுறையும் அப்பிடித்தான் மாமா சொன்னனீங்கள். பிறகு நான்தான் மோட்டார் சைக்கிள்ள வந்து...”

“அது பற்றரி. இப்ப புதுப் பற்றரி.”

இராசநாயகம் மகளைப் பார்த்தார். அவள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும், மற்றவர்கள் வாயை மூடுவார்கள்.

லக்சாயினி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். நிலத்தைப் பார்த்தாள். “அப்பா, நான் வான்லயே வாறன்.”

அவ்வளவுதான். இராசநாயகம் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்தார். பெட்டியை இறக்கிக் குசினி வாசலில் வைத்துவிட்டுக் காருக்குள் ஏறினார். “அண்ணன், தயிர்!” என்று சிவயோகம் கூப்பிட்டது கேட்டும் கேட்காதமாதிரிப் போய்விட்டார்.

வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஒற்றை யானை றோட்டோரம் நின்று மரக்கொப்பை முறித்துக்கொண்டிருந்தது. முன்னால் பஸ், பின்னால் முச்சக்கரவண்டி. யானை தன் பாட்டுக்கு மெல்ல உள்ளே இறங்கியது. பஸ் நகர்ந்தது. இராசநாயகம் காலை அமத்தினார். எஞ்சின் கத்தியது. கார் நின்ற இடத்தில் நின்றது. கண்ணடித்தது.

முச்சக்கரவண்டிக்காரன் தலையை வெளியே நீட்டினான். “ஐயா, யானை போயிட்டுது! நீங்கள் இன்னும் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறியளோ?”

கத்துகிற எஞ்சினைக் கேட்டு யானை திரும்பிப் பார்த்தது. காதை ஒருமுறை விரித்தது. இராசநாயகம் சாவியைத் திருப்பினார், திரும்பத் திருப்பினார். கார் ஓடியது. வீடு வந்து சேருமட்டும் அவருடைய இடது கை கியர்த் தடியை விடவே இல்லை. பிடித்து என்ன? அது அவர் சொல்லுக் கேட்கிற தடியா? ஆனாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

யானை அல்ல, பஸ் அல்ல, முச்சக்கரவண்டிக்காரன் அல்ல. நான் வான்லயே வாறன் என்று பெற்ற பிள்ளை சொன்ன சொல்தான் உள்ளுக்குள் அரித்தது. என்னை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

வெள்ளிக்கிழமை காலை சாப்பாடு இறங்கவில்லை. முற்றத்துக்கும் படலைக்கும் நடந்தார். காரின் கதவைத் திறந்தார், சாத்தினார். ஈஸ்வரி குசினிக்குள் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு மகளோடு கதைத்தாள்.

“இதை விக்கப்போறன்” என்றார் வாசலில் நின்று.

“பொறுங்கோ.”

“என்ன பொறுக்கிறது? பெத்த பிள்ளையே ஏறமாட்டன் எண்ட வாகனம் எனக்கென்னத்துக்கு? இரும்புக்குப் போடப்போறன்.”

ஈஸ்வரி கைபேசியைக் கையால் பொத்தினாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரலாமா என்று நின்றது. “இஞ்சருங்கோ. அவள் கியருக்காகச் சொல்லேல்லையாம்.”

“பின்னை?”

“உங்கட காருக்குள்ள தலையை விட்டாலே வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதாம். அழுகின மீன் வெடுக்காம். மாமியாருக்கு முன்னால அதைச் சொல்ல வெக்கமாம். நீங்கள் கொண்டுபோற மீனைக் குறை சொன்னமாதிரிப் போயிடுமாம்.”

இராசநாயகம் அசையாமல் நின்றார். அந்த வீட்டில் அவர் அசையாமல் நின்றதை ஈஸ்வரி பார்த்தது அபூர்வம்.

“மீன் வெடுக்கோ? மீன் லொறிக்குள்ள பிறந்தவளுக்கோ?”

“பிறக்கேக்க அவளுக்கு மூக்கு இப்பிடி வேலை செய்யேல்ல. இப்ப செய்யுது. பிள்ளைத்தாச்சி மூக்கு.”

“எனக்கு ஒரு மணமும் இல்லையே.”

“உங்களுக்கு எப்பிடி வரும்? நீங்களே மீன்தானே.”

அவர் கோபத்தோடு போய்க் காருக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. தேசிக்காய் மணந்தது. மறுபடி இழுத்தார். பிறகு பக்கத்து வீட்டுத் தேனுகாவைக் கூப்பிட்டார். அவள் நகரத்தில் மருந்துக்கடையில் நிற்கிற பிள்ளை, வேலைக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். “பிள்ளை, இதுக்குள்ள மணந்து பார்.”

தேனுகா குனிந்தாள். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தாள். “ஐயோ மாமா! என்ன செத்துக்கிடக்கு?”

ஆக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் யன்னலைத் திறந்து விட்டுக்கொண்டு வந்தது காற்றுக்காக இல்லை.

றுவைஸின் கராஜில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகுதான் வேலை. இராசநாயகம் மூடின கதவுக்கு முன்னால் நின்று, நடந்து, குந்தி, எழும்பி, திரும்ப நடந்தார். றுவைஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

“அண்ணன், திரும்பவுமா?”

“கியரை விடு. காருக்குள்ள மீன் வெடுக்காம். சீற்றைக் கழட்டிக் கழுவித் தா. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஏத்தவேணும்.”

“மீன் வெடுக்கா? ஏன் காருக்குள்ள மீன்?”

“மீன் ஏத்தாமல் சம்பந்தி வீட்ட போறதோ?”

றுவைஸ் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். “எங்க வைக்கிற?”

“பின்னுக்கு. கால் வைக்கிற இடத்தில. இந்தப் பக்கம்.”

“ஐஸ் போட்டா?”

“ஐசும் போட்டு உப்பும் போட்டு. பின்னை வெறும் ஐசில நிக்குமோ?”

றுவைஸ் சாரத்தை மடித்துக் கட்டினான். முன்பக்க இடது சீற்றின் ஆணிகளைக் கழற்றினான். இரண்டு பேருமாகச் சீற்றைத் தூக்கி வெளியே வைத்தார்கள். கார்பட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். கார்பட் சேறு மாதிரி எழும்பியது. அடியில் இருந்த பஞ்சு ஊறிக் கறுத்திருந்தது. அப்போதுதான் இராசநாயகத்தின் மூக்குக்கே அது எட்டியது. றுவைஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “யா அல்லாஹ்” என்றான். யன்னலுக்குள்ளிருந்து சுஹைரா, “என்னத்தை வெட்டிப் போட்டிரிக்கீங்க அங்க?” என்று கத்தினாள்.

பஞ்சுக்கு நடுவில் கைப்பிடி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து வயர்கள் கட்டாகப் போயின. வயர் கொழுவுகிற வாய் முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, பழைய நங்கூரத்தில் பூக்கிற மாதிரி.

“இதுதான் அண்ணன் கியர்ர மூளை” என்றான் றுவைஸ். “நீங்க உப்புக்கண்டம் போட்டு வச்சிரிக்கீங்க.”

“என்னடா சொல்லுறாய்?”

“பெட்டியில ஐஸ் உருகி உப்புத்தண்ணி கசியும். சாக்கு குடிக்கும், கார்பட் குடிக்கும். திரும்பி வரக்குள்ள கப்பல்துறை இறக்கத்தில பிரேக் போடுறீங்க. தண்ணியெல்லாம் முன்னுக்கு வந்து இதுல நிக்கும். மூளை குழம்பிப்போய் நியூட்ரலுக்குப் போகும். என்னட்ட வரக்குள்ள ரெண்டு மூணு நாளாகி எல்லாம் காஞ்சிரிக்கும். அப்ப எனக்கு என்ன தெரியும்?”

“நீ ஏன் முந்தியே சீற்றைக் கழட்டிப் பாக்கேல்ல?”

“நீங்க ஏன் மீன் ஏத்துறண்டு சொல்லல்ல?”

“நீ கேட்டனியோ?”

“கார் கொண்டு வாற எல்லார்ட்டயும், காருக்குள்ள மீன் வளக்கீங்களா எண்டு கேக்கவா?”

இரண்டு பேரும் ஆளை ஆள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு றுவைஸ் சிரித்துவிட்டான். இராசநாயகம் சிரிக்கவில்லை. அவர் அந்தப் பச்சைப் பூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடுபட்டு விடிய எழும்பி, பொறுக்கி வாங்கி, மீனின் கண் மங்காமல் இருக்கவேண்டும் என்று தன் கையால் அள்ளித் தூவிய உப்பு. கோணேசருக்கு உடைத்த தேங்காயும் வீண்.

றுவைஸ் பெட்டியைக் கழற்றித் துடைத்தான். வயர் வாயைப் பழைய பல்துலக்கும் தூரிகையால் உரஞ்சினான். தேறாத பகுதியை வெட்டிவிட்டு வேறொரு காரின் வாயைக் கொண்டுவந்து ஒவ்வொரு வயராக ஒட்டினான். பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயர்த்தி, பிளாஸ்ரிக்கால் சுற்றிக் கட்டினான். கார்பட்டைப் பின்வளவில் வீசினார்கள், தகரத்தைச் சவுக்காரம் போட்டுத் துடைத்தார்கள். சனிக்கிழமை முழுவதும் கார் கதவுகளைத் திறந்தபடி வெயிலில் நின்றது. இராசநாயகமும் பக்கத்தில் நின்றார்.

“இனிக் கையை விடாதோ?” என்று கேட்டார்.

“விடாது எண்டுதான் நினைக்கன்.”

“நினைக்கிறதோ, நிச்சயமோ?”

“அண்ணன், உப்புத் திண்ட வயர். வெளியில நல்லா இரிக்கும், உள்ளுக்கு எவ்வளவு தூரம் போயிரிக்கெண்டு ஆருக்குத் தெரியும்? ஓட்டிப் பாருங்க. ஆனா இனி மீன் மட்டும் ஏத்தாதீங்க. ஒரு கருவாடுகூட வேணாம்.”

சாரங்கனுக்கு ஈஸ்வரிதான் எல்லாக் கதையையும் சொல்லி, வானுக்குச் சொல்லவேண்டாம் என்றாள். அவன் யோசித்துவிட்டு, “சரி மாமி, ஆனால் நான் மோட்டார் சைக்கிள்ள பின்னால வருவன்” என்றானாம். வரட்டும். பின்னால் வருகிறவனுக்கு வேலை கொடுக்காமல் பார்ப்பது என் பாடு என்று இராசநாயகம் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு விடிய வழக்கம்போலக் கடற்கரைக்குக் கால் போய்விட்டது. கரைவலை மடியில் பாரைக்குட்டி துள்ளியது. “அண்ணை, வயல்பக்கமோ இண்டைக்கு? எடுங்கோ, உங்களுக்கெண்டு வச்சிருக்கிறன்” என்றான் வலைக்காரன். இராசநாயகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடு போவது, அதுவும் பிள்ளையை அழைக்கப் போவது! நகரத்தில் காரை நிற்பாட்டி அப்பிளும் முந்திரிகைக் குலையும் வாங்கிப் பையில் போட்டார். அந்தப் பை சீற்றில் கிடந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறமாதிரி இருந்தது.

சிவயோகம் படலைக்கு வந்து பையைத் திறந்து பார்த்தாள். “என்ன அண்ணன், ஆசுப்பத்திரியில ஆரையும் பாக்க வந்தமாதிரி அப்பிளோட வாறீங்க? எங்கட மீன் எங்க?”

“இனி மீன் பஸ்சில வரும் தங்கச்சி. நான் தனிய வருவன்.”

எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள் போல. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். குசினிக்குள் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

லக்சாயினி காருக்குக் கிட்ட வந்தாள். கார்பட் இல்லாமல் தகரம் பளபளத்துக்கொண்டு கிடந்தது. தலையை மெல்ல உள்ளே விட்டாள். இராசநாயகம் மூச்சு விடாமல் அவள் மூக்கையே பார்த்தார். கடலில் வலை ஏறும்போதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

“சவுக்காரம் மணக்குது” என்றாள்.

“சத்தி வருதோ?”

“இல்லையப்பா.” பின்சீற்றில் ஏறித் தலையணையைச் சரிபண்ணிச் சாய்ந்துகொண்டாள். “நீங்கள் கோவிச்சுக்கொண்டு போயிட்டீங்கள். தயிரையும் விட்டிட்டு.”

“தயிர் கிடக்கட்டும். கதவைச் சாத்து.”

சிவயோகம் தயிர்ச்சட்டியை ஏற்ற வந்தாள். “சிந்தும்” என்று சொல்லி இராசநாயகம் மறுத்துவிட்டார். தண்ணீராக எதுவும் அந்தக் காருக்குள் வரக்கூடாது. மகள் கையில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைக்கூட மூடி இறுகியிருக்கிறதா என்று வாங்கித் திருகிப் பார்த்தார்.

கார் கிளம்பியது. பின்னால் சாரங்கனின் மோட்டார் சைக்கிள். தகரம் வெறுமையாக இருந்ததால் றோட்டின் ஒவ்வொரு கல்லும் காலுக்குக் கேட்டது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குக் கியர் மாறுகிற ஒவ்வொரு தட்டலும் அவர் நெஞ்சில் விழுந்தது. காடு வந்தது, போனது. யானை இல்லை. மகள் ஏதோ கேட்டாள். ஓம் என்றார், என்ன கேட்டாள் என்று தெரியாமல்.

கப்பல்துறை இறக்கம் வந்தது. பிரேக்கில் கால் வைத்தார். கார் குனிந்தது. இந்த நேரத்தில்தான் தண்ணி முன்னுக்கு ஓடும். ஓடத் தண்ணி இல்லை, ஆனாலும் ஓடுகிறமாதிரி அவருக்கு முதுகெல்லாம் குளிர்ந்தது. இடது கை தடியை இறுக்கிப் பிடித்தது. வளைவு திரும்பியது. காலை எடுத்து மறுபடி அமத்தினார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கார் இழுத்தது.

பழக்கத்தில் அவர் கண் முன்பலகையிலேயே நின்றது. சீனக்குடாவில் கடல் தெரிந்தபோதும் எடுக்கவில்லை. நகரம் தாண்டி உப்புவெளிச் சந்தி வந்தது. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் லொறிக்கதையை அவர் முதலிலிருந்து சொல்லாமல் விட்டதில்லை.

“அப்பா, இண்டைக்கு நீங்கள் என்ர கதை சொல்லேல்ல” என்றாள் லக்சாயினி.

“வாயை மூடிக்கொண்டிரு. கியர் மாறுது.”

மகள் பின்னால் சிரித்தாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ அப்பா, சிரிக்க வைக்காதேங்கோ, இதுக்குள்ளயே பெத்துப்போடுவன்.”

“பகிடி விடாதே!” என்று கத்தினார். கால் தானாகக் கொஞ்சம் அமத்தியது.

சல்லியில் படலைக்கு முன்னால் கார் நின்றது. ஈஸ்வரி விளக்கும் தண்ணீர்ச் செம்புமாக நின்றாள். சாரங்கன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு வந்து கதவைத் திறந்தான். லக்சாயினி இறங்கினாள். எல்லோரும் உள்ளே போகத் திரும்பினார்கள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா, வந்திட்டம். நிப்பாட்டுங்கோ.”

அவர் கை தடியிலேயே இருந்தது. பிறகு சாவியைத் திருப்பினார். சத்தம் அடங்க, கடல் கேட்டது.

கை கால் கழுவி, கதிரையில் சாய்ந்து, தண்ணீர் குடித்தபின் லக்சாயினி கேட்ட முதல் கேள்வி: “அம்மா, என்ன கறி?”

“பருப்பும் கீரையும். மீன் வெடுக்கு உனக்குச் சரிவராதெல்லோ.”

“கார் வேற, சட்டி வேறம்மா. எனக்குப் பாரைமீன் குழம்பு வேணும். அங்க அப்பா கொண்டுவாற மீனைத்தான் நான் சட்டியோட வழிச்சுச் சாப்பிடுறனான்.”

இராசநாயகம் எழும்பிவிட்டார். வலைக்காரனிடம் அந்தப் பாரைக்குட்டி இன்னும் கிடக்குமோ தெரியாது. காலையில் கையைக் கட்டிக்கொண்டு திரும்பியதற்கு அவன் இனிமேல் விலை ஏற்றித்தான் சொல்லுவான். மேசையில் கிடந்த கார்ச் சாவியைக் கை தூக்கியது.

“இஞ்சருங்கோ!” என்றாள் ஈஸ்வரி.

சாவியைத் திரும்ப வைத்தார். மாமரத்தடியில் சாய்ந்து கிடந்த பழைய சைக்கிளை நிமிர்த்தினார். ரயரில் காற்று அரைவாசிதான். படலையைத் தாண்டியவர் மறுபடி நிற்பாட்டி, காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

“சாரங்கன் தம்பி, கார்க் கண்ணாடியை ஏத்திவிடும். மழை பெய்தாலும் பெய்யும்.”

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அவர் கடற்கரைப் பக்கம் மிதித்தார்.